என் தோளுக்கு வராத கிளி

கிளியை வீட்டுக்குக் கொண்டுவந்தது நான். அது நம்பியது என் கணவரை. இதை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை.

நாங்கள் இருப்பது உத்திரமேரூர் பக்கம், காவாந்தண்டலத்தில். அவருக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. நெல்லும் வேர்க்கடலையும் போடுவார். நான் ஒரகடத்தில் கார் சீட்டுக்கு உறை தைக்கும் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். ஒரு வாரம் காலை ஷிப்ட் என்றால் அடுத்த வாரம் மதிய ஷிப்ட். கம்பெனி பஸ் கூட்டு ரோட்டுக்கு வந்து எங்களை ஏற்றிக்கொள்ளும். ஒரே மகள் நர்சிங் படிக்கச் சென்னை ஹாஸ்டலுக்குப் போனபின் வீட்டில் பேச்சுச் சத்தமே அடங்கிவிட்டது. என் கணவர் எனக்கு மாமன் மகன், சின்ன வயதிலிருந்து பார்த்தவர். கேட்ட கேள்விக்கு ஒரு சொல் பதில் வரும். கேட்காவிட்டால் அதுவும் வராது.

ஐப்பசி மழையில் மோட்டாரை நிறுத்தப் போனவர் வரப்பில் விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டார். மாவுக்கட்டு போட்டு முன்னறைக் கட்டிலில் படுக்கவைத்தோம். "எப்டி மாமா வுழுந்த?" என்று கேட்டேன். "வழுக்கிச்சி" என்றார். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோதும் அதே சொல்தான்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தையல் லைனைப் பார்த்துக்கொள்ளும் மேடம் ஒருநாள் கேன்டீனில் எங்கள் மேசைக்கு வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். அவருடைய கணவருக்குப் புனேக்கு வேலை மாற்றம் ஆகியிருந்தது.

"அங்க குடுத்திருக்கற குவார்ட்டர்ஸ்ல பட்சியெல்லாம் வளர்க்கக் கூடாதுங்களாம். எங்ககிட்ட ஒரு கிளி இருக்குது. நல்லாப் பாத்துக்கறவங்க யாராச்சும் இருந்தாச் சொல்லுங்க" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஆனா ரொம்பக் கூச்சம். வாங்கி இத்தனை மாசமாகியும் எங்க கைக்கே வரலைங்க" என்றார்.

நான் யோசிக்காமல் கையைத் தூக்கிவிட்டேன்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. நான் நான்கு பெண்களில் மூன்றாவதாகப் பிறந்தவள். பாவாடை, சீப்பு, படுக்கிற பாய் எல்லாமே எங்கள் வீட்டில் பங்குதான். கல்யாணமாகி எனக்கென்று ஒரு மகள் பிறந்தாள். அவளும் நடக்கத் தொடங்கியதும் அப்பாவிடம்தான் ஓடினாள். ஒரு உயிராவது என்னை மட்டும் பார்த்து வர வேண்டும் என்று ஓர் ஆசை எனக்குள் வெகுநாளாக இருந்தது. யாருக்கும் வராத கிளி என்று மேடம் சொன்னதும் அந்த ஆசை எழுந்துகொண்டது. யாருக்கும் வராதது எனக்கு வந்தால் எப்படியிருக்கும்?

கூண்டைத் துணியால் மூடி, கம்பெனி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் துணியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள். கையளவுதான் இருந்தது. உடம்பு பச்சை, தலை சாம்பல், வால் அடர்ந்த சிவப்பு. கூண்டின் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு நடுங்கியது. வாலாஜாபாத்தில் பஸ் ஹாரன் அடித்தபோது அதன் இறகு முழுவதும் உடம்போடு ஒட்டி, பாதி அளவாகச் சுருங்கிப்போயிற்று. நான் துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, யாரையும் திறக்கவிடாமல் வந்தேன்.

வீட்டில் அவர் கூண்டைப் பார்த்துவிட்டு, "இன்னாத்துக்கு இது?" என்றார்.

"வளக்கத்தான்."

"பச்சக்கிளி வளத்தா கேஸ் போடுவான்."

"இது நம்மூர் கிளி இல்ல மாமா. வெளிநாட்டு ஜாதி. கால்ல வளையம் கீது, பேப்பர் கீது" என்று காட்டினேன். அவர் பேப்பரைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கூண்டை வைக்க முன்னறையை விட்டால் வேறு இடமில்லை. பின்பக்கம் பூனை வரும். சமையலறையில் புகை. முன்னறை ஜன்னலுக்குத்தான் வலை அடித்திருந்தது. அதனால் அவருடைய கட்டிலுக்கு எதிரிலேயே ஒரு ஸ்டூலில் வைத்தேன். எனக்கு நானே குழி வெட்டிக்கொண்டது அங்கேதான்.

நான் செய்யாத சேவை இல்லை. உத்திரமேரூர் பஜாரில் தினையும் கம்பும் சூரியகாந்தி விதையும் வாங்கி வந்தேன். கொய்யாவைக் கொட்டை தெரியும்படி நறுக்கி வைத்தேன். பச்சைமிளகாய் பிடிக்கும் என்று மேடம் சொல்லியிருந்ததால் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி வைத்தேன். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் போனில் கிளி பழக்கும் வீடியோக்களைப் பார்த்தேன். கூண்டருகே உட்கார வேண்டும், மெதுவாகப் பேச வேண்டும், கையில் விதையை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும் என்றார்கள். அப்படியே செய்தேன். கை உள்ளே போனால் போதும், கிளி கம்பியில் மோதிக்கொண்டு கத்தும். ஒருமுறை அதன் மூக்கோரத்தில் தோல் உரிந்து சிவந்துவிட்டது. நான் பதறிப்போய்க் கையை எடுத்துக்கொண்டேன்.

நான் எழுந்து உள்ளே போனதும் அது இறங்கி வந்து தின்னும். அடுப்படியிலிருந்து அந்தச் சத்தம் கேட்கும். விதையை உடைக்கும் சின்னச் சத்தம். என் கையிலிருந்து தின்னாததை, என் முதுகுக்குப் பின்னால் தின்றுகொண்டிருந்தது. பரவாயில்லை, கூச்சம் போக நாளாகும் என்று சொல்லிக்கொண்டேன்.

காலை ஷிப்ட் வாரத்தில் ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது கதவு சாத்தியிருந்தது. தள்ளினேன்.

"மெதுவா" என்றார் உள்ளேயிருந்து. "மூடு."

உள்ளே வந்து பார்த்தால் கூண்டு திறந்து கிடந்தது. காலி. "மாமா, கிளி எங்க?" என்றேன். அவர் தன் மார்பைக் கண்ணால் காட்டினார். தோளிலிருந்து மார்புவரை துண்டு போட்டிருந்தார். துண்டு அசைந்தது. அதன் ஓரத்திலிருந்து சாம்பல் நிறத் தலை ஒன்று வெளியே வந்தது. என்னைப் பார்த்தது. மறுபடி உள்ளே போய்விட்டது.

தோளில் மாட்டிய பையை இறக்காமல் அப்படியே நின்றேன்.

"எப்டி மாமா?"

"நான் இன்னா பண்ணேன்? அடச்சி வெச்சிருந்தா பாவமா கீதேன்னு கதவத் தொறந்து வுட்டேன். நான் பாட்டுக்குப் படுத்துக்கினு இருந்தேன். அதுவா வந்துச்சி."

ஒரு பெருமை தெரிந்திருந்தால்கூட எனக்குச் சண்டை போட வழி கிடைத்திருக்கும். பாத்திரத்தில் தண்ணீர் நிரம்பியதைச் சொல்வதுபோலச் சொன்னார். நான் உள்ளே போய் முகம் கழுவினேன். கழுவிக்கொண்டே இருந்தேன்.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் எனக்கு ஒரு குத்தல் காத்திருந்தது. அவர் காப்பி குடித்தால் தம்ளர் விளிம்பில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தது. அவர் மீசையை ஒவ்வொரு மயிராக இழுத்துக் கோதிவிட்டது. அவர் கழுத்தில் தலையைச் செருகிக்கொண்டு தூங்கியது. நான் அறைக்குள் வந்தால் மட்டும் உடம்பு சுருங்கும். கூண்டைச் சுத்தம் செய்வது நான், தண்ணீர் மாற்றுவது நான், கொய்யாவுக்குக் கடை கடையாக அலைவது நான். அவர் கால் நீட்டிப் படுத்திருப்பார், கிளி அவர்மேல் ஏறி விளையாடும். மேடம் வைத்த இங்கிலீஷ் பெயர் அவர் வாயில் நுழையவில்லை. செல்லமாக "நைனா" என்று கூப்பிட ஆரம்பித்தார். கல்யாணமான நாளிலிருந்து என்னை "இந்தாமே" என்று கூப்பிடுகிற மனிதர்.

பஸ்ஸில் பெண்கள் கேட்பார்கள்: "கிளி உங்கிட்ட பயகிடுச்சா?"

"பயகிடுச்சி" என்று போட்டோ காட்டுவேன். அவர் தோளில் உட்கார்ந்திருந்தபோது எடுத்த போட்டோ. அவர் முகம் தெரியாதபடி வெட்டி வைத்திருந்தேன். என் பக்கத்து சீட்டில் வரும் தோழி போனை வாங்கி விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இது உன் தோளுதானா? இந்த ஓரத்துல தாடி தெரிது."

போனை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, அவருடைய சட்டையை என் ஜாக்கெட் மேலேயே போட்டுக்கொண்டு, அவர் துண்டைத் தோளில் போர்த்திக்கொண்டு, கட்டிலில் கால் நீட்டிப் படுத்தேன். கூண்டுக் கதவைத் திறந்துவிட்டேன். கிளி இறங்கியது. கட்டில் விளிம்பில் வந்து உட்கார்ந்தது. துண்டின் நுனியை அலகால் பிடித்து மெல்ல ஏறியது. தோள்வரை வந்தது. என் முகத்தைப் பார்த்தது. ஒரு கணம் தலையைச் சாய்த்து யோசித்தது. பிறகு காது மடலை நறுக்கென்று கடித்துவிட்டுப் பறந்து கூண்டுக்குள் போய்விட்டது.

நான் கத்திய சத்தத்தில் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் வந்து நின்றார். தன் சட்டையில் என்னையும், காதில் ரத்தத்தையும் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார். குளித்த தண்ணீர் சொட்டச் சொட்டச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அந்தச் சிரிப்பையும் வரவழைத்தது கிளிதான், நானில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. காதில் மஞ்சள் வைத்துக்கொண்டு அன்று முழுவதும் நான் யாரோடும் பேசவில்லை.

மார்கழியில் ஒருநாள் கம்பெனியில் துணி லோடு வரவில்லை. லைனை நிறுத்தி, மதியமே எங்களை அனுப்பிவிட்டார்கள். வீட்டு வாசலுக்கு வந்தபோது உள்ளே அவர் குரல் கேட்டது. நீளமாகப் பேசிக்கொண்டிருந்தார். யாரோ பார்க்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து வாசலைப் பார்த்தேன். வேறு செருப்பு எதுவும் இல்லை. ஜன்னல் ஓரமாக நின்றேன்.

"...அப்டியே கெடந்தேன் நைனா. மய கொட்டுது. கூப்டா யாருக்குக் கேக்கும்? வாயில சேறு. கால் இன்னொருத்தன் கால் மாரி கோணிக்கினு கீது. சரி, இத்தோட நம்ம கத முடிஞ்சிதுன்னு நெனச்சேன். ஆட்டுக்காரன் வந்தான், பொயச்சேன்."

கிளி ஏதோ சின்னதாகச் சத்தம் கொடுத்தது.

"பயந்துதான் பூட்டேன். உங்கிட்ட சொல்றதுக்கு இன்னா. இப்பவும் கண்ண மூடினா அந்தச் சேறுதான் வருது. அவ இருட்டுல எய்ந்து பஸ்ஸுக்கு ஓடறா, நான் இங்க மல்லாந்துக்கினு கீறேன். ஒரு வார்த்த சொல்ல மாட்டேங்கறா. திட்டுனா கூட தேவலாம்."

எனக்குக் கிடைத்தது "வழுக்கிச்சி" என்ற ஒரு சொல். கிளிக்கு மழை, சேறு, ஆட்டுக்காரன், பயம் எல்லாம் கிடைத்திருந்தது. அதுவரை கிளி அவரிடம் போகிறதே என்று அவர்மேல் எரிச்சல். அந்த நிமிஷத்தில் அது அப்படியே திரும்பிக்கொண்டது. இப்போது கிளிமேல். கையளவுப் பறவை, அவர் பேசுவதில் ஒன்றும் புரியாதது, நான் இத்தனை வருஷம் காத்திருந்ததை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

உள்ளே போகவில்லை. சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய், வாளியை வேண்டுமென்றே சத்தமாக வைத்தேன். முன்னறையில் பேச்சு நின்றது.

பக்கத்து வீட்டு அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"கிளிகிட்டதான பேசறாரு. வேற பொம்பளகிட்டயா பேசறாரு?"

"வேற பொம்பளையா இருந்தா சண்டயாவது போட்டிருப்பேன் அக்கா. இதுகிட்ட இன்னான்னு சண்ட போடறது?"

அவள் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "போட்டுத்தான் பாரேன்" என்றாள்.

தையில் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். அறுப்பு நேரம். தடியை ஊன்றிக்கொண்டு அவர் கழனிக்குப் போக ஆரம்பித்தார். எனக்கு அந்த வாரம் மதிய ஷிப்ட். காலை முழுவதும் வீட்டில் நானும் கிளியும் மட்டும். எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் அவர் தெருவில் இறங்கியதுமே கிளி கத்த ஆரம்பித்தது. ஜன்னல் பக்கக் கம்பியில் தொற்றிக்கொண்டு, அவர் போன திசையைப் பார்த்துக் கத்தியது. கொய்யாவைத் தொடவில்லை. மறுநாளும் அப்படித்தான். தினைக் கிண்ணம் வைத்தபடியே இருந்தது.

மூன்றாவது காலை எனக்குப் பொறுமை போய்விட்டது. கதவுகளைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, கூண்டைத் திறந்துவிட்டேன். அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, விதைக்காக வைத்திருந்த வேர்க்கடலையை உரிக்க ஆரம்பித்தேன். உரித்துக்கொண்டே திட்டினேன்.

"கத்து. நல்லா கத்து. உனக்கு மட்டுந்தான் அந்த ஆளு போய்ட்டாரா? நீ வந்து எவ்ளோ நாளாவுது? நான் எவ்ளோ நாளா கீறேன்? உங்கிட்ட பேசற பேச்சுல கால்வாசி எங்கிட்ட பேசிருப்பாரா? எனுக்கு வழுக்கிச்சி. உனுக்கு ஆட்டுக்காரன் வரிக்கும் சொல்றாரு. நீ இன்னா பண்ண அவருக்கு? ஒரு தம்ளர் தண்ணி மொண்டு குடுத்தியா?"

நிறையப் பேசினேன். மகள் ஹாஸ்டலுக்குப் போன அன்று பஸ் ஸ்டாண்டில் அழக்கூட இடமில்லாமல் நின்றதைச் சொன்னேன். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வராந்தாவில் உட்கார்ந்து என்னென்ன வேண்டிக்கொண்டேன் என்று சொன்னேன். அவர் எதற்குத் திட்டு எதிர்பார்க்கிறார் என்று எனக்குப் புரியவில்லை என்றும் சொன்னேன். கத்தல் எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை. தரையில் நகம் உரசும் சத்தம் கேட்டது. திரும்பவில்லை. திரும்பினால் கெட்டுவிடும் என்று அதற்குள் தெரிந்திருந்தது. தொலியைக் குவித்திருந்த இடத்துக்கு அது நடந்து வந்தது. என் கால் பெருவிரலுக்குப் பக்கத்தில் ஒரு கடலையை எடுத்தது. அங்கேயே நின்று, ஒரு காலில் பிடித்துக்கொண்டு தின்றது.

நான் பேச்சை நிறுத்தினேன். அதுவும் தின்பதை நிறுத்தியது. மறுபடி பேசினேன். மறுபடி தின்றது.

அந்த வாரம் முடிவதற்குள் என் முழங்காலில் ஏறியது. கையில் வைத்த கடலையை, விரலைக் கடிக்காமல் எடுத்தது. முழங்காலுக்கு மேல் வரவில்லை. நான் ஷிப்டுக்குக் கிளம்பும் முன் சாப்பாட்டுக்கு அவர் வந்து வாசலில் தடியை வைக்கும் சத்தம் கேட்டால் போதும், பறந்து அவர் தோளுக்குப் போய்விடும். எனக்குக் குத்தத்தான் செய்தது. ஆனாலும் காலையில் என்னிடம் நின்றதை நினைத்துக்கொள்வேன்.

அடுத்து காலை ஷிப்ட் வந்தபோது, ஒரு சாயங்காலம் அவர் கட்டிலில் உட்கார்ந்து கிளியின் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். நான் எதிரில் கடலைக் கூடையோடு உட்கார்ந்திருந்தேன். கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கி நீ இதுகிட்ட சொன்னத நான் கேட்டேன் மாமா."

"எது?"

"சேறு. ஆட்டுக்காரன்."

அவர் விரல் நின்றது. கிளி தலையை அவர் விரலில் முட்டி, சொறியச் சொன்னது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்கிட்ட சொன்னா நீ அயுவ."

"இது?"

யோசித்தார். "இது கேட்டுக்கினே துன்னும்."

கூடையிலிருந்து ஒரு கடலையை எடுத்து உரித்து வாயில் போட்டுக்கொண்டேன். "நானும் துன்னுக்கினே கேக்கறேன். சொல்லு."

கிளியைப் பார்த்துக்கொண்டேதான் ஆரம்பித்தார். அன்று காலை எங்கே முதலில் கால் வைத்தார், எங்கே மண் இளகியிருந்தது, விழுந்ததும் என்ன கேட்டது, ஆட்டுக்காரன் முதலில் அவரைப் பார்க்காமல் தாண்டிப் போனது, இவர் வரப்புப் புல்லைப் பிடுங்கி எறிந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்று நான் கேட்டதைவிட நிறைய இருந்தது. நடுவில் எனக்கு அழுகை வந்தது. கடலையை மென்று சமாளித்தேன். சொல்லி முடித்தபின், "பஸ்ஸுக்கு நான் வேணும்னா டார்ச் எடுத்துக்கினு கூட வரேன்" என்றார். "கால் ஆறட்டும்" என்றேன். அவ்வளவு பேச்சு எங்கள் வீட்டில் ஒரே மூச்சில் நடந்ததில்லை.

பொறாமை அதோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். இப்போதும் அவர் என்னிடம் சொல்வது பாதி, கிளியிடம் சொல்வது மீதி. நான் பக்கத்தில் இருக்கும்போதே சொல்கிறார், அதுதான் வித்தியாசம்.

சித்திரையில் மகள் லீவுக்கு வந்தாள். கிளி கூச்சப்படும், நீ கிட்டே போகாதே, நாளாகும் என்று நான் வாசலிலேயே எச்சரித்துத்தான் உள்ளே விட்டேன். அவள் பையை வைத்துவிட்டு, வியர்வைக்குக் கொண்டையை அவிழ்த்து முடியை உதறினாள். கிளி அவர் தோளிலிருந்து எழும்பியது. ஒரு சுற்றுச் சுற்றி, அவள் தலையில் போய் இறங்கியது. முடிக்குள் புகுந்துகொண்டு, சின்னச் சின்னதாகச் சத்தம் கொடுத்தது.

"அய்ய, கூசுதும்மா" என்று அவள் சிரித்தாள். "இதையா கூச்சம்னு சொன்ன?"

நான் அவரைப் பார்த்தேன். காலியான தோளைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நைனா, வா" என்றார்.

கிளி வரவில்லை.

"பிரயாணம் பண்ணி வந்துகீறா, தலையெல்லாம் தூசி" என்றார் பொதுவாக. "மொதல்ல அவளப் போயி குளிக்கச் சொல்லு."

அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல், இத்தனை மாதம் எனக்குள் ஓடிய குரல். கடலைக் கூடையை நகர்த்திவிட்டு, அவர் பக்கத்தில் கட்டிலில் போய் உட்கார்ந்துகொண்டேன்.